வெயில் தணியாத ஜூனில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப

கத்திரி மே கடைசியில் முடிந்துவிடும், வெயில் முடியாது. கேரளத்தில் பருவமழை இறங்கும் ஜூன் தொடக்கத்தில் மலைக்கு இந்தப் பக்கம் வறண்ட மேல்காற்றுதான் வீசும். சென்னையில் அந்தக் காற்று கடற்காற்றை எளிதில் உள்ளே விடாது. 2023-இல் வெயிலால் பள்ளி திறப்பு இருமுறை தள்ளிப்போய், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்றானது. அதனால் புதுப் பையைவிட முதலில் கவனிக்க வேண்டியது மதியச் சாப்பாடு.

காலை 7 மணிக்குக் கட்டும் சாதத்தைப் பிள்ளை 12.30-க்குத்தான் திறக்கும். ஐந்தரை மணி நேரம். ஆவி பறக்கப் பறக்க டப்பாவை மூடினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும். அந்த ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் சாதம் ஊசிப்போகும். வடித்த சாதத்தை அகலத் தாம்பாளத்தில் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மின்விசிறிக்கு அடியில் 10 நிமிடம் ஆற விடுங்கள். கையை மேலே பிடித்தால் ஆவி படக்கூடாது. பிறகு கலந்து மூடுங்கள்.

முதல் வாரத்துக்குப் புளிசாதமும் எலுமிச்சைச் சாதமும் நம்பகம். புளிப்பு கெட்டுப்போவதைத் தள்ளிப்போடும். 100 கிராம் புளிக்கு 150 மில்லி நல்லெண்ணெய் விட்டு, எண்ணெய் மேலே மிதக்கும்வரை காய்ச்சிய புளிக்காய்ச்சல் ஒரு வாரம் வரும். ஈரக் கரண்டி போட்டால் மூன்றாம் நாளே பூஞ்சை. தேங்காய்ச் சாதம், தேங்காய் அரைத்த கூட்டு, சட்னி மூன்றையும் மழை வரும்வரை தள்ளி வையுங்கள். வெயிலில் முதலில் கெடுவது தேங்காய்தான்.

தயிர்சாதம் தாராளமாகக் கட்டலாம், ஆனால் தயிர் ஊற்றிப் பிசைந்து அல்ல. ஒரு கப் குழைந்த சாதத்துக்கு ஒரு கப் காய்ச்சி ஆறிய பால், ஒரே ஒரு தேக்கரண்டி தயிர், உப்பு. மதியத்துக்குள் டப்பாவிலேயே உறைந்துவிடும். இரண்டு கரண்டி தயிர் விட்டால் புளித்துப் பொங்கும். பச்சை வெங்காயம் வேண்டாம், வெள்ளரிக்காய் வேண்டாம், நீர் விட்டுவிடும். கடுகும் இஞ்சியும் தாளித்தால் போதும்.

இரண்டு மாதம் மூடிக் கிடந்த டப்பாவையும் பாட்டிலையும் திறந்தாலே ஒரு நாற்றம் வரும். அது மூடியின் ரப்பர் வாஷருக்குள் இருக்கிறது. கரண்டி நுனியால் வாஷரை நெம்பி எடுத்து, புளித்தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்து, நிழலில் காயவையுங்கள். வெயிலில் காய்ந்தால் விறைத்து வெடிக்கும், பிறகு குழம்பு பைக்குள்தான். தண்ணீர் ஒரு லிட்டர், பானைத் தண்ணீராக. ஐஸ் போட்ட பாட்டில் வெளியே வியர்த்து நோட்டை நனைக்கும்.

நோட்டுக்கு அட்டை போடுவது இந்த வாரத்தின் நல்ல வேலை, அவசரப்படாதீர்கள். பிரவுன் ஷீட்டை நான்கு பக்கமும் மூன்று விரற்கடை கூடுதலாக விட்டு வெட்டுங்கள். முதுகுப் பகுதிக்கு மேலும் கீழும் ஒரு சிறு முக்கோணம் வெட்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம்தான் முதலில் கிழியும். முன்பக்கத்தை மடித்து நகத்தால் ஒரு கோடு இழுத்ததும், நோட்டை மூடி வைத்துப் பின்பக்க மடிப்பை அளவெடுங்கள். விரித்து வைத்தபடி மடித்தால் காகிதம் இறுகி நோட்டு மூடாது. பசையை நோட்டில் படவிடாமல், காகிதத்தின் மேல் காகிதமாக மட்டும் ஒட்டுங்கள். செல்லோடேப் இந்த வெயிலில் இளகிப் பக்கத்து நோட்டோடு பிசுபிசுக்கும். மைதாப் பசை நிற்கும். ஒட்டியதும் விசிறிக் காற்றில் வைக்காதீர்கள், ஒரு பக்கம் மட்டும் காய்ந்து சுருண்டுவிடும். அடுக்கி, மேலே அரிசி டப்பாவை ஏற்றி ஓர் இரவு விடுங்கள்.

புதுச் சீருடையில் கஞ்சி இருக்கும், வியர்வையை உறிஞ்சாது. போடும் முன் இரண்டு முறை அலசுங்கள். கழுத்தில் வேர்க்குரு வந்தால் கழுத்துப்பட்டையின் உள்தையலையும் தடவிப் பாருங்கள். ஷூவைச் சாயங்காலம் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.