அட்டப்பாடிக்கு சோலார் ஏற்றிப்போகும் தம்பிகளுக்கு

போன மாதம், கோவையிலிருந்து கேரளத்து அட்டப்பாடி மலைக்குப் போகும் வழியில், ஆனைகட்டி செக்போஸ்ட் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜீப் வந்து நின்றது. பின்னால் ஆறு டியூபுலர் பேட்டரி, சாக்கு சுற்றிய பேனல்கள், அவற்றின் மேல் காலை மடக்கி உட்கார்ந்த இரண்டு பையன்கள். முக்காலிக்கு மேலே ஓர் ஆதிவாசி ஊருக்குப் போகிறார்களாம்.

"சர்வீஸ் யாரு பாக்கறது தம்பி?"

"நாங்களே மாசம் ஒருக்கா வந்துருவோங்ண்ணா."

மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டேன். 2018இல் இதே பதிலை நானும் சொல்லியிருக்கிறேன், இதே ரோட்டில் நின்று.

பேனல் தெற்குப் பார்க்க வேண்டும், மர நிழல் விழக் கூடாது, வயர் தடிமன் போதவேண்டும் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் ஜீப்பிலேயே ஏறக் கூடாது. தெரிந்தவர்களும் தடுக்கி விழுகிற இடங்கள்தான் கீழே.

கோவை வெயிலை நம்பிக் கணக்குப் போடுவது

அட்டப்பாடி என்று பெயர் ஒன்றுதான், வானம் இரண்டு. கிழக்கே ஆனைகட்டி, சோலையூர் பக்கம் மழை மறைவுப் பகுதி. நம்ம ஊர் வெயில்தான். மேற்கே போகப் போக, முக்காலி தாண்டி சைலண்ட் வேலி ஓரத்துக்குப் போனால் தென்மேற்குப் பருவமழை நேராக மோதுகிற இடம். ஜூன் பாதியில் மேகம் உட்கார்ந்தால் நாள்கணக்கில் எழுந்திருக்காது. கிழக்கே இரண்டு நாள் தாங்குகிற செட் மேற்கே முதல் மழையிலேயே படுத்துவிடும்.

இதற்கு எல்லோரும் பேட்டரியைப் பெரிதாக்குகிறார்கள். பேனலைக் கூட்டுங்கள். மப்பு நாளில் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்கப் பேனல்தான் வேண்டும். நிரம்பாத பெரிய பேட்டரி, தண்ணீர் இல்லாத பெரிய தொட்டி.

பேப்பர் இல்லாமல் பேட்டரி தூக்குவது

2019 அக்டோபர் கடைசியில் அட்டப்பாடியின் மஞ்சிக்கண்டி காட்டில் கேரள போலீஸின் தண்டர்போல்ட் படை நான்கு மாவோயிஸ்டுகளைச் சுட்டுக் கொன்றது. அதற்கு அப்புறம் அந்தப் பக்கம் பையில் வயர், சால்டரிங் இரும்பு, சின்ன பேட்டரி வைத்துக்கொண்டு நடக்கிறவனைப் பார்க்கிற பார்வையே வேறு. என்னை ஓர் இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். பையில் இருந்ததெல்லாம் டைமர் சுவிட்சும் நாற்பது மீட்டர் வயரும். டைமரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் ஒருவர். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

துப்பாக்கி நடமாடும் இடத்தில் பேட்டரி வெறும் பேட்டரியாக இருப்பதில்லை. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பேட்டரி கொண்டுபோகவே தடை இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள் அங்கே இருந்தவர்கள். ஆகவே பில், சீரியல் நம்பர் பட்டியல், எந்த ஊருக்கு எத்தனை என்ற கடிதம் எல்லாம் மூன்று நகல், மலையாளத்திலும் ஒன்று. டைமரைத் தனியாகக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள், பெட்டியோடு மாட்டியே கொண்டுபோங்கள்.

"நான் வந்து பார்த்துக்கறேன்"

எனக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போனது இந்த ஒரு வாக்கியத்தால். இன்னும் ஆறவில்லை.

பதினெட்டு வீடு உள்ள ஓர் ஊர். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேர ஏற்றம். எட்டு பேட்டரி, ஒவ்வொன்றும் ஆசிட்டோடு ஐம்பது கிலோவுக்கு மேல். மூங்கிலில் கட்டி இரண்டிரண்டு பேராகத் தூக்கி வந்தார்கள். வீட்டுக்கு இரண்டு எல்இடி, ஒரு போன் சார்ஜர், பொதுவில் ஒரு டிவி. முதல் நாள் இரவு ஊர்த் தலைவர் மூப்பன் வாசலில் எல்லோரும் உட்கார்ந்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னது: "இதைத் தொடாதீங்க. எதுன்னாலும் நான் வந்து பார்த்துக்கறேன்."

ஒரு வருடம் ஒழுங்காகத்தான் போனேன். அப்புறம் அந்த அக்டோபர் வந்தது. மேலே போக அனுமதிச் சீட்டுக்கு இழுத்தடிப்பு, வழக்கமாக வரும் ஜீப்காரருக்கு பயம். சரி, பொங்கல் கழித்துப் போகலாம் என்று விட்டேன். ஜனவரியில் வேறு வேலை. மார்ச்சில் கொரோனா ஊரடங்கு, ஆனைகட்டியில் எல்லை அடைப்பு. ஜூனில் மழை. நான் மறுபடி அந்த ஏற்றத்தில் கால் வைத்தபோது செப்டம்பர். மாதம் ஒருமுறை என்று சொன்னவன் பதினோரு மாதம் கழித்து வருகிறேன்.

பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். முதல் பேட்டரியின் மூடியைக் கழற்றினால் தண்ணீரே தெரியவில்லை. தகடு காற்றில் நிற்கிறது, ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருக்கிறது. ஆசிட் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சப் போதுமான ஆசிட் மூன்று பேட்டரியில்தான் இருந்தது. மீட்டர் வைத்தால் பத்து வோல்ட் கூட இல்லை. ஈய பேட்டரியைக் காலியாகவே போட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் இறுகிவிடும். அதற்கு மேல் எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பேட்டரி அளவுக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்ளும் பெட்டி சார்ஜ் கன்ட்ரோலர். அதைத் தாண்டி, பேட்டரி முனையிலிருந்து நேராக ஒரு வயர். மூப்பனின் பேரன் போட்டது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவன் நிதானமாகச் சொன்னான்: "மழையில ராத்திரி எட்டு மணிக்கே லைட்டு நின்னுபோச்சு சாரே. பொட்டி கெட்டுப்போச்சுன்னு நெனச்சோம். நீங்க வரல. தண்ணி கொறஞ்சப்போ ஓடைத் தண்ணி ஊத்துனோம்."

கன்ட்ரோலர் கெடவில்லை. பேட்டரியைக் காப்பாற்ற லோடைக் கட் செய்திருக்கிறது, அது செய்ய வேண்டிய வேலையே அதுதான். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. தொடாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் கூட வைத்துவிட்டு வரவில்லை. பையன் தன் மூளைக்கு எட்டிய சரியான வேலையைச் செய்திருக்கிறான். திட்டுவதற்கு அங்கே இருந்த ஒரே ஆள் நான்தான்.

தம்பிகளே, ரோடு திறந்திருக்கும் என்று நினைத்து டிசைன் போடாதீர்கள். சண்டை நடக்கும் பகுதியில் முதலில் அறுவது வயர் இல்லை, உங்கள் வரவு. ஏமனில் 2015இல் போர் மூண்டு மின்சாரம் படுத்தபோது ஜனங்கள் கடைத்தெருவில் பேனல் வாங்கிக் கூரையில் தாங்களே போட்டுக்கொண்டார்கள். நம் மலை ஊருக்கு அந்தக் கடைத்தெருவும் கிடையாது. பத்து மாதம் யாரும் வரவில்லை என்றாலும் இந்த செட் ஓடுமா என்று கேட்டுப் பாருங்கள். ஓடாது என்றால் மலை ஏற்றாதீர்கள்.

இப்போது நான் ஊருக்கு இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருவர் கட்டாயம் பெண். ஆண்கள் கூலிக்குக் கீழே இறங்கிவிடுவார்கள். போலீஸோ மாவோயிஸ்டோ, எந்தத் தரப்பு ஆட்களாவது ஊருக்குள் வருகிறார்கள் என்றால் இளவட்டங்கள் முதலில் விலகிப் போய்விடுவார்கள். வீட்டில் இருப்பது அக்காதான். அவர் கையில் ஒரு மல்டிமீட்டர், பத்து ஃப்யூஸ், ஓர் உபரி கன்ட்ரோலர், நாலு கேன் டிஸ்டில்டு வாட்டர். தண்ணீர் தீர்ந்தால் மழைநீர், ஆனால் தகரக் கூரையில் பட்டது வேண்டாம், திறந்த வெளியில் பிளாஸ்டிக் வாளி வைத்து நேராகப் பிடித்தது. ஓடைத் தண்ணீர் கூடவே கூடாது. என் எதிரில் அவர் கன்ட்ரோலரைக் கழற்றி மாட்டிக் காட்டும்வரை நான் இறங்குவதில்லை. ஓர் ஊரில் இதற்கே மூன்று நாள் ஆனது. ஆகட்டும்.

லித்தியம் போட்டால் தீர்ந்ததா என்று கேட்பீர்கள். எடை குறைவு, தண்ணீர் ஊற்ற வேண்டாம், எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் போர்டு போனால் அட்டப்பாடியின் டவுனான அகளியில் அதைத் திறக்கக்கூட ஆள் தேட வேண்டும். ஒரே பெரிய பெட்டியாக வேண்டாம், நாலு சின்னதாகப் போடுங்கள். ஒன்று செத்தாலும் மூன்று எரியும்.

கம்பத்துக்குக் குழி

ஊரில் மூப்பன் தவிர மண்ணூக்காரர் என்று ஒருவர் உண்டு, மண் விஷயம் அவருடையது. அவரைக் கேட்காமல் கடப்பாறை போடாதீர்கள். யானை வரும் தடமும் அவருக்குத்தான் தெரியும். எனக்கு இரண்டு கம்பம் போனது, யானை முதுகு சொறிந்ததில்.

திறப்பு விழா

சீருடைக்காரர்களை மேடைக்குக் கூப்பிடாதீர்கள். கட்சிக் கொடியும் வேண்டாம். நீங்கள் இறங்கிவிடுவீர்கள், ஊர் அங்கேயேதான் இருக்கும்.

பம்ப்

டீசல் செலவு இல்லை என்றதும் நாளெல்லாம் ஓடும். ஆப்கானிஸ்தானில் ஹெல்மண்ட் பக்கம் சோலார் பம்ப் பெருகியதில் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனது. தொட்டி நிரம்பியதும் பம்ப்பை நிறுத்தும் மிதவை சுவிட்ச் இல்லாமல் மாட்டாதீர்கள்.

பழைய பேட்டரி

இறக்குகிற கூலியையும் முதல் எஸ்டிமேட்டிலேயே போடுங்கள். நான் போடவில்லை. என்னுடைய எட்டில் இரண்டு இன்னும் மூப்பன் வீட்டுத் திண்ணைக்கு முட்டுக்கொடுத்து நிற்கின்றன.