ஏஜென்ட் "வேண்டாம்" என்றால் தம்பிக்கு போன் போடுங்கள்

சிங்கப்பூரில் வாடகை வீடு தேடிய இந்தியருக்கு இது மனப்பாடம். போனில் எல்லாம் நன்றாகப் போகும். பெயரைச் சொன்னதும் ஏஜென்ட் ஒரு நொடி மௌனமாவார். பிறகு, "ஓனருக்கு ஹெவி குக்கிங் ஆகாது." இந்தியருக்கு வீடு இல்லை என்பதை நாசூக்காகச் சொல்வது அது. வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளில் எல்லா இனத்தாரும் கலந்து வாழ வேண்டும் என்று 1989 முதல் ஒதுக்கீடு வைத்திருக்கும் ஊர்தான் இது.

அம்மாவிடம் சொன்னால் கண் கலங்குவார். அலுவலகத் தோழிகள் "அப்படி நினைச்சுச் சொல்லியிருக்க மாட்டாங்க" என்பார்கள். நான் தம்பியைக் கூப்பிடுவேன். இந்தியரைச் சீண்டும் 'ஆபு நேநே' என்ற கிண்டலை என்னோடு அதே பள்ளிப் பேருந்தில் கேட்டு வளர்ந்தவனுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்டதைச் சிரித்துக் கடக்க எங்களுக்குச் சில விதிகள் உண்டு. முதலில், அடிபட்டவர் பேசி முடிக்கட்டும். பாதியில் ஜோக் அடித்தால் அதுவும் இன்னொரு அடிதான். தம்பி "ம்... அப்புறம்?" என்று மட்டும் கேட்பான். நான் முடித்ததும், "அக்கா, நீ சுடுதண்ணி வச்சாலே அடிப்பிடிக்கும். உன்னைப் போய் ஹெவி குக்கிங்னு சொன்னவருக்கு நாம நன்றி சொல்லணும்" என்றான்.

என் சமையலைக் கலாய்க்கலாம். நிறம், பெயர், தலையில் வைக்கும் எண்ணெய் மூன்றையும் தொடக்கூடாது. வெளியில் கேட்டதை வீட்டிலும் கேட்க யாருக்கும் தெம்பு இருக்காது.

சிரிப்பு வந்துவிட்டதா? இப்போது வேடத்தை மாற்றுங்கள். தம்பி ஏஜென்ட், நான் குடிவருபவள். கேள்வி கேட்பது நான். "உங்க ஓனர் எப்படிப்பட்டவர்? எங்க மிளகாய்த்தூளுக்கு ஒத்துவருவாரான்னு கேட்டுச் சொல்றேன்." தம்பி சீன உச்சரிப்பைப் போட்டுக் காட்ட ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். மாட்டிக்கொள்ள வேண்டியது அந்த ஏஜென்ட். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு கொண்டுவரும் எதிர்வீட்டு ஆன்ட்டி அல்ல.

இதையெல்லாம் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். 2019-இல் ஒரு விளம்பரத்தில் சீன நடிகர் முகத்தைக் கருப்பாக்கிக்கொண்டு 'கே. முத்துசாமி' என்று பெயர் அட்டை குத்தி வந்தார். பதிலுக்குக் கோபமும் நையாண்டியுமாக ராப் வீடியோ போட்ட உடன்பிறப்புகள் பிரீத்தி நாயர், சுபாஸ் நாயர் இருவருக்கும் போலீஸிடமிருந்து 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கிடைத்தது. அது சரியா தவறா என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது. கூட வேலை செய்பவர்கள் முன்னாலும் வேண்டாம். நீங்களே சிரித்தீர்களே என்று நாளைக்கு அவர்கள் தொடங்குவார்கள்.

வேலை போகிறது, கை ஓங்குகிறார்கள், குழந்தை பள்ளிக்கு மாட்டேன் என்கிறது என்றால் சிரிக்க ஒன்றுமில்லை. தேதி, நேரம் குறியுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வேலையிடத்துக்கு நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டாஃபெப், 'இந்தியர் வேண்டாம்' என்று விளம்பரம் போடும் ஏஜென்ட்டுக்கு வீட்டு ஏஜென்ட்டுகளைக் கண்காணிக்கும் சிஇஏ, அடிதடிக்கு போலீஸ். புகார் எழுதும்போது தம்பியை மட்டும் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். 'சம்பவ விவரம்' என்ற கட்டத்தில் சுடுதண்ணிக் கதையைச் சேர்க்கச் சொல்வான்.