கொழும்பில் கிளீன் ரூம் கட்டுகிறீர்களா? ஈரத்தை முதலில் கணக்கெடுங்கள்

பல்கலைக்கழகப் பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு கிளீன் ரூம், அதாவது காற்றிலுள்ள துகள்களைக் கட்டுப்படுத்திய அறை, என்றதும் பேச்சு தூசியில் தொடங்கி, நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியில் முடிந்துவிடுகிறது. கொழும்பில் வடிகட்டி சுலபமான பகுதி. பெரிய தலைவலி ஈரம்தான்.

வெளியே 30 பாகை, ஈரப்பதன் 80% என்றால், ஒரு கிலோ காற்றில் ஏறத்தாழ 21 கிராம் நீராவி இருக்கும். ஒளிப்பதிப்பு வேலைக்கு, அதாவது ஒளியுணர் பூச்சுப் பூசிய சிலிக்கனில் ஒளியால் நுண்வடிவம் பதிப்பதற்கு, 21 பாகை, 45% கேட்பார்கள். அதில் 7 கிராம்தான். மணிக்கு 1,000 கன மீற்றர் வெளிக்காற்றை உள்ளே எடுத்தால், ஒவ்வொரு மணிக்கும் சுமார் 16 லீற்றர் தண்ணீரைப் பிரித்தெடுக்க வேண்டும். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசிக்கு இது ஆகாத வேலை. காற்றை 8 பாகை வரை குளிர்வித்து நீரை இறக்கி, அப்புறம் மறுபடி சூடாக்கி அனுப்ப வேண்டும். "குளிர்வித்ததை ஏன் சூடாக்குவான்?" என்று யாராவது கேட்டு, அந்த ஹீட்டரை மதிப்பீட்டிலிருந்து வெட்டிவிடுவார்கள். பிறகு அறையில் ஈரப்பதன் ஏறி, ஒளியுணர் பூச்சு சிலிக்கனில் ஒட்டாமல் உரியும். மாணவர்கள் ரசாயனத்தைக் குறை சொல்வார்கள்.

அடுத்தது ஃபியூம் ஹூட், அதாவது ரசாயன ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் அடைப்பு. அறை முடிந்தபிறகு "இன்னொன்று வைப்போமே" என்பது வழக்கம். ஹூட் வெளியேற்றும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று வராவிட்டால், வெளியைவிட 10–15 பாஸ்கல் கூடுதலாக இருக்க வேண்டிய அழுத்தம் விழுந்து, நடைபாதைத் தூசியை அறையே உறிஞ்சும். ஹூட்களை எண்ணிவிட்டுத்தான் காற்றோட்டத்தை வடிவமைக்க வேண்டும்.

காற்றின் தூய்மையை ஐஎஸ்ஓ வகுப்புகளால் குறிப்பார்கள்; எண் குறையக் குறையத் தூய்மை கூடும். முழு அறைக்கும் ஐஎஸ்ஓ 5 கேட்பது வீம்பு. அதில் ஒரு கன மீற்றருக்கு 0.5 மைக்ரோமீற்றரும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520 வரைதான் இருக்கலாம். ஐஎஸ்ஓ 7 இல் 3,52,000 வரை. பெரும்பாலான மாணவர் வேலைக்கு ஐஎஸ்ஓ 7 அறையும், பூச்சுப் பூசும் இடத்தில் மட்டும் ஐஎஸ்ஓ 5 காற்றோட்ட மேசையும் போதும். ஒப்பந்தக்காரர் காட்டும் சான்றிதழ் ஆளில்லாத அறைக்கானதா என்றும் பாருங்கள். ஆட்கள் வேலை செய்யும்போது எடுத்த அளவீடுதான் உதவும்.

காலியாக இருக்கிறது என்பதற்காக மேல்மாடியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அங்கே அதிர்வும் அதிகம், மழைக்குக் கூரை ஒழுகும் ஆபத்தும் அதிகம்.

மின்சாரம்? 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. காற்று நின்றால் ஈரம் உள்ளே நுழையும்; ஜிப்சம் பலகைச் சுவரென்றால் பூஞ்சணம் பிடிக்கும். முழுக் குளிரூட்டலுக்கும் ஜெனரேட்டர் கட்டுப்படியாகாதென்றால், விசிறிகளையும் ஒரு சிறிய ஈரநீக்கியையுமாவது அதில் இணையுங்கள். அந்த டீசல் செலவையும் முன்வடிகட்டி (ஹெப்பாவுக்கு முன்னால் பெரிய தூசியைப் பிடிப்பது) மாற்றும் செலவையும் கட்டட நிதியில் தேடாதீர்கள். துறையின் வருடாந்த மதிப்பீட்டில் தனி வரியாகக் கேட்டு வாங்குங்கள்.