விண்டர் டயர் போட்டாச்சு, காப்புறுதிக்காரருக்குச் சொன்னீர்களா?

நவம்பர் பிறந்ததும் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து டயர் கடைகளில் இடம் கிடைப்பதே கஷ்டம். நாலு சில்லையும் மாற்றிக்கொண்டு வீடு வந்ததோடு வேலை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கார் காப்புறுதி விற்கும் எல்லா நிறுவனங்களும் விண்டர் டயருக்குக் கட்டணத்தில் கழிவு (தள்ளுபடி) கொடுத்தே ஆகவேண்டும். 2016 ஜனவரி 1 முதல் இது விதி. எவ்வளவு என்பதை நிறுவனமே தீர்மானிக்கும். பெரும்பாலும் 5 சதவீதம் வரை. ஆனால் நீங்கள் டயர் மாற்றியது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் சொல்லவேண்டும். வருடம் 2,400 டாலர் கட்டுகிறவருக்கு 5 சதவீதம் என்றால் 120 டாலர். ஐந்து நிமிடப் பேச்சுக்கு அது நல்ல காசு. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வருடா வருடம் ஒழுங்காக டயர் மாற்றுவார். கழிவு என்று ஒன்று இருப்பதே நாலாவது குளிர்காலத்தில்தான் அவருக்குத் தெரியவந்தது.

அடுத்தது, எந்த டயர் என்பது. 'ஆல் சீசன்', அதாவது எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்ற பெயரை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் அதன் ரப்பர் இறுகத் தொடங்கும், பிடிமானம் குறையும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த அடையாளம்தான் கணக்கு. சேற்றுக்கும் பனிக்கும் என்று சொல்லும் 'எம்+எஸ்' எழுத்து மட்டும் இருந்தால் போதாது. 'ஆல் வெதர்' டயர்களில் மலை அடையாளம் இருக்கும், சில நிறுவனங்கள் அதற்கும் கழிவு தரும். உங்கள் நிறுவனம் தருமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். காசை மிச்சம் பிடிக்க இரண்டு டயர் மட்டும் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நாலும் இல்லாமல் கழிவு கிடைக்காது. அதைவிட, முன்பக்கம் மட்டும் பிடித்து நிற்க, வளைவில் கார் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடும்.

எனக்கு அதிகம் கவலை தருவது இனிச் சொல்லப்போகும் தவறு. டயர் போடாமலே போட்டதாகச் சொல்லிக் கழிவு வாங்குவது. சிலர் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை. போன வருடம் போட்டார்கள், இந்த வருடம் டயர் தேய்ந்துவிட்டது, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். வீட்டில் இரண்டு கார் இருக்கும், ஒன்றுக்குத்தான் டயர் இருக்கும், கழிவு இரண்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் சொன்ன தகவலை வைத்துத்தான் நிறுவனம் கட்டணம் போட்டிருக்கிறது. விபத்துக்குப் பிறகு காரைப் பார்க்க வருகிறவர் டயரையும் பார்ப்பார். அற்பக் கழிவுக்காக ஆயிரக்கணக்கான டாலர் இழப்பீட்டைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். நிலைமை மாறினால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வீண் பயம் ஒன்றும் உண்டு: "விண்டர் டயர் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஒரு சதமும் தராது." ஒன்ராறியோவில் சாதாரண கார்களுக்கு அந்த டயர் சட்டப்படி கட்டாயம் இல்லை, அது இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் காப்புறுதி செல்லாமல் போகாது. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் கதை வேறு. அங்கே பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஜெர்மனியில் தேதி கணக்கில்லை. வீதியில் பனியோ உறைபனியோ இருந்தால் குளிர்கால டயர் வேண்டும், 2024 அக்டோபரிலிருந்து மலை அடையாளம் உள்ளது மட்டும்தான் செல்லும். சாதாரண டயரோடு ஓடி இடித்தால் பெரும் கவனயீனம் என்று சொல்லி உங்கள் சொந்தக் காருக்கான இழப்பீட்டை அவர்கள் குறைக்கலாம். அங்கே இருக்கும் உறவினருக்கு ஒன்ராறியோ நிலவரத்தை ஆலோசனையாகச் சொல்லவேண்டாம்.

காப்புறுதி என்று பேசும்போது நாங்கள் கழிவை மட்டுமே பார்க்கிறோம். பெரிய காசு வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்ராறியோவில் விபத்தில் யார் பிழை என்று தீர்மானிக்கும் விதிகள், வானிலையையும் வீதியின் நிலையையும் கணக்கில் எடுக்கக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. சிவப்பு விளக்கில் நிற்கும் காரைப் பின்னாலிருந்து இடித்துவிட்டு "பிளாக் ஐஸ் (வீதியில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம்), பிரேக் பிடிக்கவில்லை" என்று எத்தனை தரம் சொன்னாலும் பிழை முழுவதும் உங்கள் பக்கம்தான். அது பதிவில் ஏறினால் கட்டணம் வருடக்கணக்கில் உயர்ந்து நிற்கும். அதன் பக்கத்தில் 120 டாலர் கழிவு ஒன்றுமே இல்லை. நல்ல டயர் அந்த இடியைத் தவிர்க்க உதவும், முன்காரில் இருக்கிற பிள்ளைக்கும் அடிபடாது.

புரோக்கரை அழைக்கும்போது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை டயர் காரில் இருக்கவேண்டும் என்றும் கேட்டுக் குறித்துவையுங்கள். மார்ச்சில் நாலு நாள் வெயில் அடித்ததும் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏப்ரல் முடியும்வரை வேண்டும் என்று கேட்கும் நிறுவனங்களும் உண்டு, ஏப்ரலில் பனி கொட்டிய வருடங்களும் உண்டு.