வரப்பில் நின்று படிக்கும்படி ஒரு குறிப்பை அடுக்குவது எப்படி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் தண்ணீர் ஏறியது. அங்கே ஒரு மர அலமாரியின் அடித்தட்டில்தான் அப்பாவின் வயல் நோட்டுகள் இருந்தன. ஊர் பத்தமடைக்குப் பக்கம், கன்னடியன் கால் என்ற வாய்க்கால் பாசனம். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களில் ஒவ்வொன்றுக்கும் நாற்றுப் பாவிய நாள், நடுகை, உரம், காலில் தண்ணீர் விட்ட தேதி, கண்டுமுதல் (கிடைத்த விளைச்சல்) என்று முப்பது வருஷத்துக்கு மேல் அப்பா எழுதி வைத்திருந்தார். மை ஊறிய பக்கங்களை ஃபேன் காற்றில் காயவைத்து, ஒவ்வொன்றாகப் போனில் ஏற்ற ஆரம்பித்தேன். அப்பா இப்போது இல்லை. வயலைத் தம்பியும் அம்மாவும் பார்க்கிறார்கள், நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன்.

முதல் இரண்டு நோட்டுகளை அப்படியே வரிசையாக டைப் செய்து தம்பிக்கு அனுப்பினேன். ஒருநாள் மத்தியானம் வயலில் இருந்து கூப்பிட்டான். "எல்லாம் இருக்குக்கா. ஆனா மேலப்பத்துக்குப் போன பிசானத்துல எவ்வளவு பொட்டாஷ் போட்டோம்னு தேடுதேன், கிடைக்கல." வெயிலில், ஒரு கையில் மண்வெட்டியோடு, பெருவிரலால் தள்ளித் தள்ளித் தேடியிருக்கிறான். அன்றைக்குத்தான் எழுத்தை அடுக்குவது எதற்கு என்று எனக்குப் புரிந்தது. எழுதியவரைத் தவிர இன்னொருவர், அவசரத்தில், வேண்டிய ஒரே ஒரு வரியை எடுக்க முடிய வேண்டும். கீழே நான் சொல்வது எல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

நான் வைத்திருப்பது அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் ஆப். அதன் குறிப்புகள் எல்லாம் ஒரு ஃபோல்டருக்குள் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே இருக்கும். என் கணினியில் ஒரு நகல், தம்பி போனில் ஒரு நகல். ஒரு வீட்டில் தண்ணீர் ஏறினாலும் இன்னொரு இடத்தில் இருக்கும். எழுத்தை அலங்கரிப்பதற்கு அது மார்க்டவுன் முறையைப் பின்பற்றுகிறது. 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட முறை இது. பொத்தான்களைத் தேடாமல், எழுத்தோடு எழுத்தாகச் சில குறிகளைப் போட்டால் தலைப்பும் தடித்த எழுத்தும் பட்டியலும் வந்துவிடும். ஜாப்லின் போன்ற வேறு பல ஆப்களும் இதே குறிகளைப் புரிந்துகொள்ளும்.

முதலில் தலைப்பு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து என்று ஒன்று உண்டு, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்தாலே தலைப்பு போலத் தெரியும். தமிழுக்கு அது கிடையாது. அளவும் வெற்றிடமும்தான் நமக்குத் தலைப்பைக் காட்டிக் கொடுக்கும். ஆகவே தலைப்பை வெறும் வரியாக விடக் கூடாது.

## பிசானம்
### மேலப்பத்து
### பனையடி வயல்

இரண்டு குறி போட்டது பருவம், மூன்று குறி போட்டது வயல். குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் ஓர் இடைவெளி கட்டாயம். இடைவெளி விடாமல் #பிசானம் என்று எழுதினால் அப்சிடியன் அதைத் தலைப்பாக எடுக்காது, ஒட்டுச்சீட்டு மாதிரி ஒரு டேக் ஆக்கிவிடும். அதுவும் பயனுள்ளதுதான், ஆனால் வேலை வேறு. தலைப்பு போட்டபின் பக்கவாட்டில் எல்லாத் தலைப்புகளும் ஒரு பட்டியலாகத் தெரியும், தொட்டால் அங்கே போய் நிற்கும். தம்பிக்கு வேண்டியது இதுதான். நாலாவது, ஐந்தாவது மட்டம் வரைக்கும் போகாதீர்கள். போன் திரையில் அவற்றின் அளவு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து தடித்த எழுத்து. இங்கே வாட்ஸாப் பழக்கம் நம்மைத் தடுக்கி விடும். வாட்ஸாப்பில் சொல்லின் இரு பக்கமும் ஒரு நட்சத்திரம் போட்டால் தடிக்கும். மார்க்டவுனில் ஒரு நட்சத்திரம் போட்டால் சாயும், இரண்டு போட்டால்தான் தடிக்கும். நான் டைப் செய்த முதல் நோட்டு முழுவதும் சாய்ந்தே நின்றது. தமிழ் எழுத்தைச் சாய்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்து என்று தனியாக வரைந்திருக்க மாட்டார்கள். நேரான எழுத்தையே ஆப் இழுத்துச் சாய்க்கும். ழ, ணை, ஞூ எல்லாம் கோணிக்கொண்டு நிற்கும். அம்மாவால் அதைப் படிக்கவே முடியவில்லை. சாய்வெழுத்தை நான் அடியோடு விட்டுவிட்டேன்.

தடித்த எழுத்தையும் கைக்கு அடக்கமாகத்தான் போட வேண்டும். ஒரு பகுதிக்கு ஒன்று. எதைத் தேடி வருவார்களோ அது மட்டும்: தேதி, அல்லது உரத்தின் அளவு. எல்லாம் தடித்தால் எதுவும் தடித்ததாகத் தெரியாது. அதோடு சின்ன எழுத்தில் நம் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி வருவதால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொல்லைத் தடிப்பாக்கி, உருபை வெளியே விட்டால்,

**'கார்'**க்கு

நட்சத்திரங்கள் வேலை செய்யாமல் அப்படியே திரையில் நிற்கும். மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் மேற்கோள் குறியும் பின்னால் எழுத்தும் வந்தால் அதை மூடுகுறி என்று மார்க்டவுன் எடுத்துக்கொள்ளாது. உருபையும் சேர்த்தே தடிப்பாக்குங்கள்: **காருக்கு**. இதே போல எழுத்தின் நடுவில் குறியைச் செருகிவிடாதீர்கள். 'கு' என்பது கணினிக்குள் க ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டாக இருக்கிறது. நடுவில் நட்சத்திரம் விழுந்தால் உகரம் அநாதையாகி, புள்ளி வட்டத்தின் மேல் தொங்கும்.

இனி எண் பட்டியல். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். அப்பா ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வெள்ளமும் வறட்சியும் என்று தலைப்பு போட்டு, வருஷத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து எழுதியிருந்தார். அவர் எழுதியதை அப்படியே அடித்து, கடைசி வரியை நான் சேர்த்தேன்.

1992. நவம்பர் வெள்ளம்
2016. பிசான மழை பொய்த்தது
2023. டிசம்பர் வெள்ளம்

படிக்கும் முறைக்கு மாற்றிப் பார்த்தால் 1992, 1993, 1994 என்று வந்தது. வரித் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் இடைவெளியும் வந்தால் மார்க்டவுன் அதை எண் பட்டியல் என்று எடுத்துக்கொள்கிறது. முதல் எண்ணை மட்டும்தான் மதிக்கும். அதற்குப் பிறகு நாம் என்ன எண் போட்டாலும் ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகும். பின்கட்டில் தண்ணீர் ஏறிய வருஷம் 1994 என்று திரையில் நின்றது. இரண்டு வாரம் யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். வருஷத்தைத் தொடக்கத்தில் எழுதுவதென்றால் புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போடுங்கள், 1992\. என்று. அதைவிட நல்லது புள்ளியையே விட்டுவிட்டு,

- 1992 நவம்பர் வெள்ளம்

என்று எழுதுவது. உண்மையான வரிசை இருக்கும் இடத்தில் மட்டும், அதாவது நாற்றங்கால் முடிந்து தொழி உழவு, அப்புறம் நடுகை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் வேலைக்கு மட்டும், எண் போடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது பத்தித் தொடக்கத்தில் இடம் விடச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் இங்கே வேண்டாம். வெற்று வரிக்குப் பின் நாலு இடைவெளி தள்ளித் தொடங்கினால் அந்தப் பத்தியைக் கணினி நிரல் என்று நினைத்து ஒரு பெட்டிக்குள் போட்டுவிடும். பத்தியைப் பிரிக்க நடுவில் ஒரு வெற்று வரி போதும். எண்டர் ஒருமுறை தட்டினாலே அப்சிடியனில் வரி உடைகிறது என்று இருந்துவிடாதீர்கள். அதே கோப்பை வேறு பல ஆப்களில் திறந்தால் வெற்று வரி இல்லாத இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பத்தியாகும். நோட்டைப் பார்த்து வாயால் சொல்லி டைப் செய்கிறவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். குரல் தட்டச்சு நிறுத்தற்குறி இல்லாமல் நீளமாக ஓடும். ஒரு பக்கம் சொல்லி முடித்ததும், சூடு ஆறுவதற்குள், மூன்று நாலு வரிக்கு ஓர் இடத்தில் வெட்டிவிடுங்கள்.

அட்டவணையை நான் ஓர் இடத்தில்தான் வைத்திருக்கிறேன். பேப்பரில் தினமும் வரும் அணை நீர்மட்டத்தை அப்பா குறித்துக்கொள்வார், இப்போது அம்மா குறிக்கிறாள்.

| அணை | முழு உயரம் (அடி) | இன்று |
| --- | ---: | ---: |
| பாபநாசம் | 143 | |
| சேர்வலாறு | 156 | |
| மணிமுத்தாறு | 118 | |

இரண்டாவது வரியில் கோடுகளின் கடைசியில் இருக்கும் முக்காற்புள்ளி எண்களை வலப்பக்கம் ஒதுக்குகிறது. அப்போதுதான் ஒன்றின்கீழ் ஒன்று சரியாக நிற்கும். மூன்று நெடுவரிசைக்கு மேல் போகாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், போன் அகலம் கம்மி. 'அரியநாயகிபுரம் அணைக்கட்டு' என்ற ஒரு பெயரே பாதித் திரையைப் பிடித்துக்கொள்ளும். வயல் கணக்கை நான் அட்டவணையில் போடவே இல்லை, ஒரு வரிக்கு ஒரு செய்தி என்று எழுதிவிட்டேன்.

அளவை எழுதும்போது அலகையும் எழுதுங்கள், ஒவ்வொரு முறையும். அப்பாவின் நோட்டில் 'யூரியா 2 மூட்டை' என்று இருக்கிறது. 2018-க்கு முன்னால் ஒரு மூட்டை 50 கிலோ, அப்புறம் 45 கிலோ. பழைய பக்கத்தைப் பார்த்து இன்றைக்குப் போட்டால் 10 கிலோ குறையும். ஆகவே 'யூரியா 2 மூட்டை (100 கிலோ)' என்று அடைப்புக்குள் சேர்த்தேன். நிலத்தைக் கோட்டை, மரக்கால் கணக்கில் அப்பா எழுதியிருந்தார், நான் பக்கத்தில் சென்ட் போட்டேன். தம்பிக்குச் சென்ட்தான் தெரியும்.

தேதியும் அப்படித்தான். அப்பா 'ஐப்பசி 12' என்பார். தாத்தா காலத்துப் பத்திரத்தில் கொல்லம் ஆண்டு இருக்கும். நம் பக்கத்தில் அது வழக்கம். ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டோடு டிசம்பர் வரைக்கும் 824, ஜனவரியில் இருந்து 825 கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். இவற்றை மாற்றி எழுதாமல் அப்படியே வைத்துக்கொண்டு, குறிப்பின் பெயரில் மட்டும் வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுகிறேன்: 2024-10-28 மேலப்பத்து நடுகை. நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதியும் ஒன்றாக வந்து குவியும். வருஷத்தை முன்னால் வைத்தால் காலவரிசையில் தானே நிற்கும். பெயரில் சாய்கோடு போட முடியாது, இணைகோடுதான்.

எது அப்பாவின் சொல், எது என் சொல் என்பது கலங்கக் கூடாது. அதற்கு > குறி. வரித் தொடக்கத்தில் இதைப் போட்டால் அந்த வரி உள்ளே தள்ளி, பக்கத்தில் ஒரு கோட்டோடு நிற்கும்.

> பனையடி வயல் மடை மண் இளகல். ராத்திரி பாத்துட்டு வரணும்.

அவர் எழுதிய எழுத்து, அவர் விட்ட பிழையோடு. அதன் கீழே என் விளக்கம் சாதாரணமாக. தம்பியிடம் கேட்க வேண்டியது இருந்தால் ஒரு செய்பட்டியல் வரி:

- [ ] இந்த மடையை அப்புறம் கட்டினோமா?

சதுர அடைப்புக்குள் ஓர் இடைவெளி இருந்தால்தான் கட்டம் வரும். அவன் பதில் சொன்னதும் தொட்டால் டிக் விழும்.

பழைய குத்தகைச் சீட்டு ஒன்றை டைப் செய்து கொடுத்த கடையில் இருந்து கோப்பாக வாங்கி ஒட்டினேன். ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பையாக வந்தது. ஒருங்குறி (யூனிகோட்) வருவதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான், எழுத்துரு மட்டும் தமிழ் வேஷம் போட்டிருக்கும். முதலில் எழுத்துரு மாற்றியில் கொடுத்து ஒருங்குறிக்கு மாற்றி, அசலோடு ஒருமுறை ஒத்துப் பார்த்து, அப்புறம் ஒட்டுங்கள். ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கும்.

ஒரு நோட்டு முடிந்ததும் போனை அம்மாவிடம் கொடுத்து, "போன காரில் பனையடி வயலுக்கு எப்போ நடுகை?" என்று கேட்பேன். என்னிடம் எதுவும் கேட்காமலே அவள் கண்டுபிடித்தால் அந்த நோட்டு முடிந்தது. எங்கேயாவது நின்று யோசித்தால் அந்த இடத்தில் ஒரு தலைப்பு குறைகிறது, அல்லது தேவையில்லாத வரி ஒன்று குறுக்கே கிடக்கிறது என்று அர்த்தம். திருத்திவிட்டு மறுநாள் வேறு கேள்வி.

ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் அந்தப் பக்கத்தின் போட்டோவைச் சேர்க்கிறேன். பெரிதாக விட்டால் திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும், ஆகவே படத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு நெடுங்கோடும் 300 என்ற அகலமும்:

![[மேலப்பத்து-பக்கம்-7.jpg|300]]

மை கரைந்து நான் ஊகித்து எழுதிய சொற்களுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறேன். தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் படத்தைப் பெரிதாக்கி இரண்டு மூன்றைச் சரிசெய்துவிட்டுப் போகிறான். அப்பாவின் 'ள'வும் 'ன'வும் அவனுக்குத்தான் அடையாளம் தெரிகிறது.