'சேனைகளின் கர்த்தர்': ட்ஸாவா என்ற எபிரெயச் சொல்லை நீங்களே தேடிப் படிக்க

'சேனைகளின் கர்த்தர்' என்று படித்ததும் நம் மனதில் வாளும் கேடயமும்தான் வருகின்றன. 'சேனை' என்பதன் எபிரெய மூலச்சொல் அதைவிட விரிந்தது. எபிரெயம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வேதாகமமும் ஒரு நோட்டும் போதும்.

படி 1. சொல்லை எழுதிக்கொள்ளுங்கள்: ட்ஸாவா. ட்ஸாதே, பேத், ஆலெப் என மூன்றே எழுத்துகள், வலமிருந்து இடமாக. பேத் இங்கே 'வ' என்று ஒலிக்கும். பன்மை ட்ஸெவாஓத். வேதாகமச் செயலியில் தேட ஸ்ட்ராங்ஸ் எண் (ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் தந்திருக்கும் அகராதி எண்) 6635.

படி 2. எண்ணாகமம் 1:3-ஐத் திறங்கள். 20 வயதும் அதற்கு மேலும் உள்ள, போருக்குப் போகத்தக்க ஆண்களை எண்ணச் சொல்கிறது. இங்கே ட்ஸாவா என்றால் படைதான். சரி, இது எதிர்பார்த்ததே.

படி 3. இங்கே நிதானமாக இருங்கள். எண்ணாகமம் 4:3-இல் 30 முதல் 50 வயது வரையுள்ள லேவியர், அதாவது ஆலயப் பணிக்கான கோத்திரத்தார், வருகிறார்கள். அவர்கள் வேலை போர் அல்ல. உடன்படிக்கைப் பெட்டியையும் பலிபீடங்களையும் சுமப்பது. அதற்கும் ட்ஸாவா என்றே பெயர். யாத்திராகமம் 38:8-இல் ஆசரிப்புக் கூடார வாசலில் கூடிய பெண்களுக்கும் இதே வேர்ச்சொல். யோபு 7:1-இல் மனித வாழ்வே ஒரு ட்ஸாவா; பக்கத்திலேயே கூலிக்காரனின் நாட்கள். ஆக, பெயர் பதிந்து, அணியில் நின்று, குறித்த காலம்வரை செய்து முடிக்கும் பணி என்று நோட்டில் எழுதுங்கள்.

அப்புறம் ஏசாயா 40:2-க்கு வாருங்கள். எருசலேமின் 'போர் முடிந்தது' என்ற இடத்தில் இருப்பதும் இதே சொல். எனக்கு இப்போது அது, "உன் பணிக்காலம் தீர்ந்தது, இனி வீட்டுக்குப் போகலாம்" என்று கேட்கிறது. பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு அதைவிட இனிய செய்தி ஏது!

படி 4. மேலே பாருங்கள். உபாகமம் 4:19-இல் சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள் வானத்தின் சேனை. 1 இராஜாக்கள் 22:19-இல் சிங்காசனத்தைச் சுற்றி நிற்கும் பரம சேனை.

படி 5. இப்போது 'சேனைகளின் கர்த்தர்' என்ற அந்தப் பட்டப்பெயர். கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் 'படைகளின் ஆண்டவர்'. வேதாகமத்தில் இது முதலில் வருவது 1 சாமுவேல் 1:3-இல், அன்றைய ஆராதனைத் தலமான சீலோவில். எட்டு வசனம் தள்ளி, இந்தப் பெயரைச் சொல்லி முதலில் ஜெபிப்பவர் படைத்தலைவர் அல்ல. பிள்ளையில்லாமல் அழுதுகொண்டிருந்த அன்னாள்.