ஸ்ட்ராப்பை மாற்றியும் நிற்காத ஆட்டம்

பல நாள் தலைவலி ஒருவழியாகத் தீர்ந்தது. என் சுவிஸ் டைவ் வாட்ச்சில் ரப்பர் ஸ்ட்ராப் போட்டதிலிருந்து, கையை அசைத்தாலே லக் (வாட்ச்சின் கேஸிலிருந்து நீண்டு ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் கொம்பு) பக்கம் டிக் டிக்கென்று மெல்லிய சத்தம். வேறு ஸ்ட்ராப் மாட்டிப் பார்த்தேன், அதே ஆட்டம். லக் இடைவெளியை வெர்னியரில் அளந்தால் சரியாக 20 மில்லிமீட்டர். கடையில் காட்டினால், லக் துளை தேய்ந்துவிட்டது, கேஸையே மாற்ற வேண்டும் என்றார்கள்.

அப்புறம் லூப் என்ற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். துளையின் ஒரு ஓரத்தில் மட்டும் பளபளவென்று உராய்ந்த தடம். மற்றபடி துளை வட்டம் குலையாமல் இருந்தது. தேய்மானம் இல்லை, உள்ளே ஏதோ ஆடுகிறது. ஸ்ட்ராப்போடு வந்த ஸ்ப்ரிங் பாரை, அதாவது ஸ்ட்ராப்புக்குள் நுழைந்து இரு முனைகளாலும் லக் துளைகளில் மாட்டும் கம்பியை, அளந்தேன்: முனை 0.8 மில்லிமீட்டர். ஸ்டீல் செயினோடு வந்த பழைய பாரில் அது 1.1. இரண்டுக்கும் நீளம் ஒன்றே என்பதால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

பழைய பாரையே ரப்பருக்குள் செலுத்தினேன். இறுக்கமாக இருந்தது, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டதும் வழுக்கிக்கொண்டு போனது. சத்தம் அதோடு நின்றது.

டைவ் வாட்ச்சுக்கான ஐஎஸ்ஓ 6425 சோதனையில் ஸ்ட்ராப் பொருந்தும் ஒவ்வொரு இடமும் 200 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். ஒல்லி முனையை நம்பி நான் கடலில் இறங்க மாட்டேன்.